ஐம்பது தப்படி பின்னால்

பிச்சை முகம்மது ராவுத்தர் பேனாவின் மூடியைத் திறந்தார். பிறகு கையெழுத்துப் போடாமலே மூடிவிட்டார்.

அனுமதிக் கடிதம் அவருடைய கயிற்றுக் கடையின் பலகை மேல் கிடந்தது. தலைக்கு மேலே வடங்களும் மாட்டுக் கயிறுகளும் வளையம் வளையமாகத் தொங்கின. ஸ்டெல்லாமேரி நின்றுகொண்டிருந்தாள். உட்காரச் சொல்லி அவர் இரண்டு தடவை சொல்லிவிட்டார். உட்கார்ந்தால் கேட்க வந்தது குறைந்துபோய்விடும் என்று அவளுக்கு ஓர் எண்ணம்.

"எத்தனை பிள்ளைய போறாவ?"

"எட்டுப் பேரு அண்ணாச்சி. சனிக்கிழமை காலையில பசுவந்தனை வரைக்கும் பஸ். அங்கேருந்து நாலு மைல் காட்டு வழியா நடந்து வேப்பங்குளம். நாலு மணி பஸ்ஸப் புடிச்சா அஞ்சு மணிக்குக் கோவில்பட்டி. உங்க மக ஷம்சாத்துதான் அணித்தலைவி."

"அப்படின்னா?"

"அவ சொல்லுற வழியிலதான் மத்த ஏழு பேரும் போகணும்."

"அப்ப டீச்சரம்மா நீங்க எதுக்கு?"

கடையில் கயிறு பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் சிரித்தார். ஸ்டெல்லா சிரிக்கவில்லை. "நான் ஐம்பது தப்படி பின்னால வருவேன். உயிருக்கு ஆபத்துன்னாலொழிய வாயத் திறக்கக் கூடாது. அதுதான் பரீட்சை. யாரும் சொல்லிக் குடுக்காம, ஏழு பேரைக் கூட்டிட்டுப் போயி ஒரு பிள்ளை பத்திரமாக் கொண்டுவந்து சேர்க்கணும்."

ராவுத்தர் கடிதத்தை இன்னொரு முறை படித்தார். அவர் மெதுவாகப் படிப்பவர்.

"எங்க தெருவுல இவ வயசுப் பிள்ளை ஒண்ணுகூடப் பள்ளிக்கூடம் போகல. இவ அம்மா அமீனா பீவி ஒத்தக் கால்ல நின்னதுல இவ போறா. எனக்கும் வருத்தம் இல்ல. ஆனா ஒரு சொல் சொல்லிருதேன். பொழுது சாஞ்சு மகரிப் பாங்கு சொல்லுதப்ப எம் மவ வீட்டுக்குள்ள இருக்கணும். அது தப்பினா அன்னையோட இந்தச் சாரணியும் இல்ல, பள்ளிக்கூடமும் இல்ல. கோவத்துல சொல்லல. யோசிச்சுத்தான் சொல்லுதேன்."

"இருப்பா அண்ணாச்சி."

அவர் கையெழுத்துப் போட்டார்.

*

சாரணியர் அணியை ஸ்டெல்லாமேரி ஆரம்பித்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. வகுப்பில் முதல் மார்க் வாங்குகிற பிள்ளைகள், பஸ்ஸில் இறங்கவேண்டிய இடம் தாண்டிப் போனாலும் நிறுத்தச் சொல்லி வாய் திறக்காமல் அடுத்த ஊரில் இறங்கி நடந்து வருவதை அவள் பார்த்திருக்கிறாள். அவளும் அப்படி நடந்து வந்தவள்தான். ஒரு பிள்ளை வாழ்க்கையில் ஒரு நாளாவது, பக்கத்தில் பெரியவர்கள் யாரும் இல்லாமல், தானே ஒரு முடிவு எடுத்துப் பார்க்க வேண்டும். அதன்பிறகு கல்யாணம் ஆகட்டும், அடுப்படியில் உட்காரட்டும்; அந்த ஒரு நாள் உள்ளே கிடக்கும். இதை யாரிடமும் அவள் விளக்கமாகச் சொன்னதில்லை. தலைமையாசிரியையிடம் "உடற்பயிற்சி" என்று மட்டும் சொல்லியிருந்தாள்.

பாதைப் படம் அவள் வரைந்தது. பங்குனி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பஸ் ஏறிப் போய், தானே அந்த நாலு மைலையும் நடந்து, குறித்துக்கொண்டு வந்தாள். கண்மாய்க் கரை, உடைமரக் கூட்டம், இரட்டைப் பனை, அங்கிருந்து புஞ்சைகளுக்கு நடுவே ஒன்றரை மைல் நேர்ப் பாதை. கரிசல் வெடித்து வாய் பிளந்து கிடந்த அந்த வெயிலில், பாதை மட்டும் ஆயிரம் கால்கள் மிதித்து வழவழவென்று வெள்ளையாக ஓடியது. படம் வரைய அதைவிட எளிதான பாதை கிடையாது.

அவள் பிறந்தது குளத்தூர்ப் பக்கம். அப்பா உப்பளத்தில் மேஸ்திரி. உப்பளத்து வரப்புகள் அவள் தவழ்ந்த நாளில் எங்கே இருந்தனவோ, இன்றைக்கும் அங்கேயேதான் இருக்கின்றன. பாதை என்றால் அது அங்கேதான் இருக்கும் என்று நினைத்தாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்று, ஐப்பசி. புதனும் வியாழனும் நல்ல மழை. சனிக்கிழமை வானம் மூட்டமாக இருந்தது, மழை இல்லை.

*

காலை எல்லாம் சரியாகவே நடந்தது. ஷம்சாத் படத்தைப் பிரித்துப் பார்ப்பாள், திசையைப் பார்ப்பாள், கையைக் காட்டுவாள். தாவணி தலையிலிருந்து நழுவும்போதெல்லாம் இடது கையால் இழுத்து விட்டுக்கொள்வாள். எட்டுப் பேரும் வண்டிப்பாதையில் வரிசையாகப் போனார்கள். கண்மாய்க் கரையில் கல் கூட்டி, ஈர விறகோடு மல்லுக்கட்டி, கஞ்சி காய்ச்சினார்கள். ஒரு மணி நேரம் கூடுதலாகிவிட்டது. ஸ்டெல்லா தூரத்தில் ஒரு வேம்பின் அடியில் தனியாக உட்கார்ந்து, பையில் கொண்டுவந்த இட்லியைத் தின்றாள். பத்திரகாளி என்ற பெண் அகப்பையை நீட்டி, "டீச்சர், கஞ்சி வேணுமா? பேசாண்டாம், தலைய மட்டும் ஆட்டுங்க" என்று கத்தினாள். மற்றவர்கள் சிரித்தார்கள். ஸ்டெல்லா தலையைக்கூட ஆட்டவில்லை.

இரட்டைப் பனைக்கு வந்து சேர்ந்தபோது இரண்டேகால் மணி.

முன்னால் போனவர்கள் நின்றார்கள். ஐம்பது தப்படி பின்னால் ஸ்டெல்லாவும் நின்றாள்.

பனைகள் இருந்தன. பாதை இல்லை.

பனைகளுக்கு அப்பால் கண்ணுக்கெட்டிய தூரம் ஒரே புஞ்சை, ஈரம் குடித்துக் கருத்து, உழவுச் சால் வரிவரியாகக் கிடந்தது. சீப்பால் வாரி விட்டதுபோல. காலடித் தடம் ஒன்றுகூட இல்லை.

"ஏட்டி, பாதைய எவனோ சுருட்டிட்டுப் போயிட்டான்" என்றாள் பத்திரகாளி.

யாரும் சிரிக்கவில்லை. ஷம்சாத் படத்தைப் பார்த்தாள், பனையைப் பார்த்தாள், மறுபடி படத்தைப் பார்த்தாள்.

நாகலாபுரத்திலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கிற வெயிலம்மாள் குனிந்து மண்ணைக் கிள்ளிப் பார்த்தாள். அவள் அப்பா புஞ்சை உழுது பிழைக்கிற சம்சாரி. "யாரும் எடுக்கலட்டி. உழுதுட்டாவ. இது கோடைப் பாதை. வெள்ளாமை எடுத்த பொறவு ஆளுக நடந்து நடந்து விழும். ஆவணியில உழுதா அதையும் சேத்து உழுதிருவாவ. அடுத்த மாசி பங்குனிக்குத்தான் மறுபடி வரும். எங்க ஊர்லயும் அப்படித்தான்."

"அப்ப படத்துல போட்டிருக்கே?"

"படம் கோடையில போட்டதா இருக்கும்."

எட்டுப் பேரும் திரும்பி ஸ்டெல்லாவைப் பார்த்தார்கள்.

எந்தச் சம்சாரிக்கும் தெரிந்த விஷயம். நாகலாபுரத்துப் பதினாலு வயதுப் பிள்ளை மண்ணைத் தொட்டதும் சொல்கிறாள். ஸ்டெல்லாவின் காது மடல்கள் சுட்டன. 'என் தப்பு' என்று சொல்ல வாயெடுத்தாள். சட்டம் நினைவுக்கு வந்தது. உயிருக்கு ஆபத்து இல்லையே. அவள் குனிந்து செருப்பில் ஒட்டியிருந்த மண்ணைக் குச்சியால் வழிக்கத் தொடங்கினாள். நிமிர்ந்தபோது பிள்ளைகள் திரும்பிக்கொண்டு தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"நேராப் போவம். ஒன்றரை மைலுதானே?"

"போனா மூணரைக்குள்ள ரோட்டுக்குப் போயிரலாம்."

"சுத்திப் போனா?"

"இந்தப் பொழி வரப்பப் புடிச்சு ஓடைக்குப் போயி, ஓடைக் கரையோட நடந்து, வண்டிப்பாதை வழியா ரோடு" என்றாள் வெயிலம்மாள். "அஞ்சு மைலு இருக்கும். இந்தச் சகதியில மூணரை மணி நேரம். ஆறரை பஸ்ஸுதான்."

"பசுவந்தனைக்கே திரும்பிட்டா?"

"அங்கனயும் ராத்திரி ஏழு மணிக்குத்தான் பஸ்."

மகரிப் பாங்கு விஷயம் எட்டுப் பேருக்கும் தெரியும். ஷம்சாத் அதை ஒரு வேடிக்கைபோல எல்லோரிடமும் சொல்லியிருந்தாள்.

ஷம்சாத் படத்தை மடித்தாள். புஞ்சைக்குள் ஒரு கால் வைத்தாள். இன்னொரு கால் வைத்தாள். மூன்றாவது அடியில் காலைத் தூக்க முடியவில்லை. தூக்கியபோது அப்பம்போல ஒரு பிடி மண் பாதத்தோடு வந்தது. அவள் அதைக் கையில் வழித்து எடுத்தாள். கையிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னட்டி?"

"உளுந்து. முளை விட்டிருக்கு."

அப்போதுதான் தூரத்திலிருந்து ஒரு குரல் வந்தது. "ராவத்து! ராவத்து!" தெலுங்கில் கத்திக்கொண்டு, வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி, பொழி மேல் ஒருவர் ஓடிவந்தார். வராதே என்கிறார் என்பது கை ஆட்டியதிலேயே தெரிந்தது. ஷம்சாத் தான் வைத்த அடிகளிலேயே பின்னால் காலை வைத்து வெளியே வந்தாள்.

அவர் ஐம்பது வயதுக்காரர், ஒல்லி. மூச்சு வாங்கியது. "கண்ணு இல்லயா ஒங்களுக்கு? புழுதியில வெதச்சுப் போட்டு ஒரு மாசம் வானத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். முந்தாநாளுதான் மழை முகத்தக் காட்டியிருக்கு. முளை கண்ணு தொறக்குத நேரம். இப்ப மிதிச்ச எடம் காஞ்சா பாறை. முளை வெளிய வருமா? வராது. பள்ளிக்கூடத்துப் பிள்ளையதானே? புஸ்தகத்துல புஞ்சைய மிதிக்கச் சொல்லிப் போட்டிருக்கா?"

பிள்ளைகள் பொழி ஓரமாக ஒதுங்கி நின்றார்கள்.

"இதுல பெரிய மனுசி யாரு?"

பிள்ளைகளின் கண்கள் ஐம்பது தப்படி பின்னால் போயின. அவருடைய கண்களும் போயின. ஸ்டெல்லா ஒரு அடி எடுத்து வைத்தாள்.

"நாந்தான் மாமா" என்றாள் ஷம்சாத்.

"நீயா? அப்ப அங்கன நிக்கிறது?"

"அவிய எங்க டீச்சர். இன்னைக்கு நாந்தான்."

அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். தலையில் இழுத்து விட்டிருந்த தாவணியைப் பார்த்தார். "யாரு மவ நீ?"

இங்கே ஒரு சின்ன இடைவெளி விழுந்தது. கோவில்பட்டிச் சந்தைக்கு வராத சம்சாரி கிடையாது. சந்தைக்கு வந்தால் கயிறு வாங்காமல் போகிறவர்களும் கிடையாது. பெயரைச் சொன்னால் அது இரண்டு நாளில் கடைப் பலகைக்குப் போய்ச் சேரும். இது ஷம்சாத்துக்குத் தெரியும் என்பது அவள் தோள் இறுகியதிலேயே ஸ்டெல்லாவுக்குத் தெரிந்தது. வேறு ஏதாவது பெயர் சொல்லிவிடு என்று மனதுக்குள் வேண்டினாள். ஒரு டீச்சர் அப்படி வேண்டிக்கொள்ளலாமா என்பது பிறகுதான் தோன்றியது.

"கயித்துக் கடை பிச்சை முகம்மது ராவுத்தர் மவ."

"அட, ராவுத்தர் மவளா!" அவர் குரல் கொஞ்சம் இறங்கியது, கோபம் இறங்கவில்லை. "நான் அழகிரிசாமி. எங்கிட்ட இருக்க வடம் பூராவும் ஒங்க கடையில வாங்குனது. சொல்லுதேன் ஒங்கய்யாட்ட. மக புஞ்சைய மிதிக்கக் கெளம்பிட்டான்னு சொல்லுதேன்."

"சொல்லுங்க மாமா. மூணு அடி மிதிச்சிட்டேன். தெரியாம மிதிச்சேன்."

அழகிரிசாமி அந்த மூன்று தடங்களையும் போய்ப் பார்த்தார். குனிந்து விரலால் மண்ணைப் புரட்டி விட்டார். வெயிலம்மாள் அவர் பக்கத்தில் போய் நின்று, பஸ் விஷயத்தைச் சொன்னாள். ஷம்சாத்தின் அப்பா வைத்த கெடுவையும் சொன்னாள். ஷம்சாத் அவள் கையைப் பிடித்து இழுத்தாள். ஆனாலும் அவள் சொல்லி முடித்துவிட்டாள்.

அவர் நிமிர்ந்தார். கொஞ்ச நேரம் புஞ்சையையே பார்த்தார். "எட்டுப் பேரு நடந்தா எனக்கு ஒரு வண்டி வெள்ளாமை போயிரும். ஒத்த ஆளுன்னா சரி. நீ மட்டும் வா தாயி. சால் ஓரமா எங்க கால் வைக்கணும்னு நான் காட்டுதேன். நான் முன்னால போறேன், எங்கால் வச்ச எடத்துல நீ கால வையி. நாலு மணி பஸ்ஸப் புடிச்சிரலாம். மத்தவுக சுத்தி வரட்டும்."

"போட்டி, போ" என்றாள் பத்திரகாளி. "நாங்க வந்துருவோம்."

"போ ஷம்சாத். வெயிலாளுக்கு வழி தெரியும்லா."

ஷம்சாத் திரும்பினாள். பிள்ளைகளைப் பார்க்கவில்லை. நேராக ஸ்டெல்லாவைப் பார்த்தாள்.

ஐம்பது தப்படி தூரத்தில் ஒரு முகத்தில் என்ன இருக்கிறது என்று சொல்ல முடியாது. ஆனாலும் ஸ்டெல்லாவுக்குத் தெரிந்தது. அவள் சொல்ல வேண்டியது ஐந்தாறு சொற்கள்தான். 'நீ போ. இவர்களை நான் கூட்டி வருகிறேன்.' சொன்னால் பரீட்சை முடிந்துபோகும், போகட்டும். சொன்னால் ஒரு பிள்ளையின் படிப்பு பிழைக்கும். நாக்கு அசையவும் செய்தது. அந்த நேரத்தில் வெயிலம்மாளும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். 'படம் கோடையில போட்டதா இருக்கும்' என்ற அந்தக் குரல் இன்னும் காதில் இருந்தது. இந்த எட்டுப் பேரின் முன்னால் போய் நின்று வாய் திறந்தால், முதலில் அதைத்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

ஸ்டெல்லா தலையைக் குனிந்துகொண்டாள்.

மூன்று நொடி இருக்கலாம். நான்கு நொடி இருக்கலாம். நிமிர்ந்தபோது ஷம்சாத் அழகிரிசாமியிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

"வேண்டாம் மாமா. கூட்டிட்டு வந்தது நானு. இவளுகள விட்டுட்டு நான் மட்டும் முன்னால போயி நிக்க முடியாது." பிறகு திரும்பி, "வெயிலு, நீ முன்னால நட. ஓடைக் கரை எங்கன வழுக்கும்னு ஒனக்குத்தான் தெரியும். நான் நடுவுல வாரேன். செருப்பு எல்லாத்தையும் கழத்திக் கையில எடுத்துக்கிடுங்க" என்றாள்.

விசிலை ஒருமுறை ஊதினாள். வரிசை பொழி மேல் ஏறியது.

*

ஐந்து மைல் தூரமும் ஸ்டெல்லா பின்னாலேயே நடந்தாள். கரிசல் ஒவ்வொரு அடிக்கும் காலைப் பிடித்தது. ஓடைக் கரையில் பத்திரகாளி இரண்டு முறை விழுந்தாள். நடுவில் தூறல் வந்தது, நின்றது, மறுபடி வந்தது. யாரும் பாடவில்லை. ஒரு பெண்ணுக்குக் காலில் முள் ஏறியது. ஷம்சாத் உட்கார்ந்து ஊக்கால் எடுத்துவிட்டு, தன் கழுத்துக் கைக்குட்டையால் கட்டினாள். எல்லாம் பாடத்தில் சொன்னபடி. தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த ஸ்டெல்லா, தேர்வுத் தாளில் இதற்கெல்லாம் முழு மதிப்பெண் என்று எண்ணினாள். அப்படி எண்ணியதற்காகத் தன்மேலேயே வெறுப்பு வந்தது.

வாயை மூடியது சட்டமா, வெட்கமா? நடந்து நடந்து அவள் இதையே கேட்டுக்கொண்டிருந்தாள். சட்டம் என்று ஒரு மைல் தூரம் சொல்லிப் பார்த்தாள். ஒட்டவில்லை. சட்டம் ஒரு நல்ல போர்வை. அதை இழுத்துப் போர்த்திக்கொண்டு உள்ளே ஒளிந்திருந்தது வேறு.

இப்போதாவது ஓடிப்போய்ச் சொல்லலாம். சொல்லி என்ன செய்ய? நான்கு மணி பஸ் எப்போதோ போய்விட்டது.

வேப்பங்குளம் ரோட்டில் அவர்கள் ஏறி நின்றபோது மணி ஆறு ஆகப்போனது. மேற்கே வெளிச்சம் சிவந்து, மங்கி, கருத்தது. அந்த ஊரில் பள்ளிவாசல் இல்லை. பாங்குச் சத்தம் எதுவும் கேட்கவில்லை. ஆனால் அந்த நேரம் வந்ததும் ஷம்சாத் தாவணியைத் தலைக்கு இழுத்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, சும்மா நின்றாள். மற்ற ஏழு பேரும் அவளைச் சுற்றி நின்றார்கள்.

கோவில்பட்டி பஸ் நிலையத்தில் ராவுத்தர் விளக்குக் கம்பத்தின் கீழே நின்றுகொண்டிருந்தார். ஸ்டெல்லா வேகமாக அவரிடம் போனாள். "அண்ணாச்சி, வந்து..." என்றாள். அவர் அவள் பக்கமே திரும்பவில்லை. மகளின் காலைப் பார்த்தார்; முழங்கால் வரை கருப்பு மண். "வா" என்றார். முன்னால் நடந்தார். மகள் பின்னால் போனாள்.

*

திங்கட்கிழமை ஷம்சாத்தின் இடம் காலியாக இருந்தது. சந்தை நாள். மத்தியானம் மணி அடித்ததும் ஸ்டெல்லா கயிற்றுக் கடைக்குப் போனாள். கடையில் கூட்டம். அவள் ஓரமாக நின்றாள். கூட்டம் குறைந்த பிறகும் ராவுத்தர் நெடுநேரம் ஒரு வடத்தைச் சுற்றி முடித்துக்கொண்டிருந்தார்.

"அழகிரிசாமி நாயக்கரு வந்திட்டுப் போனாரு" என்றார்.

ஸ்டெல்லா பலகை அருகே போய் நின்றாள்.

"எம் மவ என்ன சொன்னா தெரியுமா? படத்தச் சரியாப் பாக்கல, வழி தப்பிட்டேன், எந் தப்புதான் அத்தா, அப்படின்னு அப்பன் எங்கிட்டச் சொல்லுதா. அதுக்கு மேல ஒரு வார்த்தை இல்ல. அழக்கூட இல்ல. அவ அம்மாதான் ரெண்டு நாளா அழுதுக்கிட்டு இருக்கா. கவனம் இல்லாத பிள்ளை வெளிய போயி என்ன செய்யப்போவுதுன்னு நானும் முடிவு கட்டிட்டேன். நாயக்கரு வேற மாதிரியில்லா சொல்லுதாரு. பாதைய உழுது ரெண்டு மாசம் ஆச்சுங்காரு. நீ மட்டும் வா, நான் கூட்டிட்டுப் போறேன்னு கூப்பிட்டாராம். இவ மாட்டேன்னுட்டாளாம்." அவர் வடத்தைக் கீழே வைத்தார். "அப்ப டீச்சரம்மா எங்கன இருந்தீங்க?"

"பின்னால."

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

வெளியே யாரோ மாட்டை விலை பேசிக்கொண்டிருந்தார்கள். ஸ்டெல்லா பலகையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"படம் நான் போட்டது அண்ணாச்சி. கோடையில வந்து பாத்துட்டுப் போட்டேன். உழுதா பாதை போயிரும்னு எனக்குத் தெரியாது. உங்க மக படத்தச் சரியாத்தான் பாத்தா. தப்பு அவ மேல இல்ல. அவரு கூப்பிட்டப்ப, நீ போ, மத்தவங்கள நான் கூட்டிட்டு வாரேன்னு நான் சொல்லியிருக்கலாம். அவ என்னையத் திரும்பிப் பாத்தா. நான் சொல்லல."

"சட்டமா?"

"சட்டம்னுதான் முதல்ல நினைச்சேன். சட்டம் மட்டும் இல்ல. எந் தப்பு வெளிய தெரிஞ்சிருமேன்னு இருந்துச்சு."

ராவுத்தர் வெகுநேரம் அவளைப் பார்த்தார். திட்டுவார் என்று அவள் நின்றாள். திட்டியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

"இத வந்து எங்கிட்டச் சொல்லணும்னு ஒங்களுக்கு ஒண்ணும் இல்ல. அவ ஒங்களக் காட்டிக் குடுக்கல."

"அதனாலதான் வந்தேன்."

"ம்." அவர் துண்டால் கையைத் துடைத்தார். ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். "நாளைக்குப் பள்ளிக்கூடம் வருவா. மகரிப்ப விட்டுட்டு வந்தவளை வீட்டுக்குள்ள வைக்கலாம். தான் தப்பிச்சுக்கிடலாம்னு இருந்தும் ஏழு பேரை விட்டுட்டு வரமாட்டேன்னவள எப்படி உள்ள வைக்கிறது? அத எனக்கு யோசிக்கத் தெரியல." துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, "ஆனா டீச்சரம்மா, ஒங்க சொல்ல நம்பி இனி நான் ஒரு கடுதாசியிலயும் கையெழுத்துப் போட மாட்டேன். அந்தச் சாரணிக்கு அவ வாராளா இல்லையான்னு அவகிட்டயே கேட்டுக்கிடுங்க. அவளுக்குத்தான் தெரியும்" என்றார்.

*

செவ்வாய்க்கிழமை ஷம்சாத் வந்தாள். வகுப்பில் கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னாள். ஸ்டெல்லாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

மாலையில் சாரணியர் பயிற்சிக்காக மற்ற ஏழு பேரும் மைதானத்தில் கூடினார்கள். படம் தன் தப்பு என்று ஸ்டெல்லா அவர்களிடம் காலையிலேயே சொல்லிவிட்டிருந்தாள். பத்திரகாளி, "அது எங்களுக்கு அன்னைக்கே தெரியும் டீச்சர்" என்று சொன்னாள். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

ஷம்சாத் புத்தகப் பையோடு வராந்தாவில் தூணருகே நின்றாள். போகவும் இல்லை, வரவும் இல்லை. ஸ்டெல்லா படியேறிப் போய் அவள் முன்னால் நின்றாள். இரண்டு பேருக்கும் நடுவே ஒரு கை தூரம்தான். வேப்ப மரத்தில் காக்கைகள் வந்து அடைந்துகொண்டிருந்தன.

"டீச்சர், அன்னைக்குத் திரும்பிப் பாத்தேன்ல" என்றாள் ஷம்சாத்.

"பாத்த."

"அப்ப நீங்க என்ன நினைச்சீங்க?"

"நீ போயிரணும்னு நினைச்சேன்."

"அதச் சொல்லியிருக்கலாம்."

"ஆமா."

ஷம்சாத் தூணில் சுண்ணாம்பு உதிர்ந்த இடத்தை நகத்தால் சுரண்டினாள். அவள் கண் நிறைந்தது. அன்றைக்கு ஐந்து மைலிலும் நிறையாத கண். அதைத் துடைக்கவும் இல்லை.

"நீங்க சொல்லியிருந்தாலும் நான் போயிருக்க மாட்டேன்" என்றாள். "ஆனா சொல்லியிருக்கலாம் டீச்சர். நான் தனியா நின்ன மாதிரி இருந்துச்சு."

மைதானத்தில் வெயிலம்மாள் வரிசையைச் சரிசெய்துகொண்டிருந்தாள். ஒருத்தி முன்னால் நின்றாள், ஒருத்தி பின்னால் நின்றாள். வரிசை சரியாக வரவில்லை. ஷம்சாத் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு பையைக் கழற்றித் தூணோரம் வைத்தாள். படியிறங்கிப் போனாள்.

"ஏட்டி பத்ரா, ஒன்னையத்தான். ரெண்டு அடி பின்னால போ" என்ற அவள் குரல் வராந்தா வரை கேட்டது.